மோட்டார்ஹோமில் வெர்சாய்: வண்டியை எங்கே விடுவது, நாளை எப்படிப் பிரிப்பது

பாரிஸுக்குத் தென்மேற்கே சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கிறது வெர்சாய் அரண்மனை. படுக்கை, சமையல் வசதியுள்ள மோட்டார்ஹோம் வண்டியை அதன் வாசல்வரை ஓட்டிப் போகவே வேண்டாம். முந்தைய நாள் மாலையே இத்தகைய வண்டிகள் தங்கும் முகாமில் நிறுத்திவிட்டு, காலையில் ரயிலில் போங்கள்.

கிளம்புமுன் வண்டியின் முழு உயரத்தை ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங் அருகே ஒட்டுங்கள். கூரையில் இருக்கும் ஏசி, டிஷ் எல்லாம் அதில் சேர வேண்டும். காரணம், வெர்சாயை நெருங்கும் ஏ86 நெடுஞ்சாலையில் ருயே மல்மெசோனுக்கும் வெலிசிக்கும் இடையே உள்ள டூப்ளெக்ஸ் சுரங்கம். கார்களுக்கான ஜிபிஎஸ் கூசாமல் அதற்குள் அனுப்பும். அங்கே அனுமதி 2 மீட்டர் வரைதான். எல்பிஜியில் ஓடும் வண்டிகளுக்கும் தடை. ஜிபிஎஸ்ஸில் உயரத்தைப் பதிந்து, மாற்று வழி வருகிறதா என்று முதலிலேயே பாருங்கள். சுங்கச் சாவடியில் 3 மீட்டருக்குக் குறைவான உயரமும் 3.5 டன்னைத் தாண்டாத எடையும் உள்ள வண்டி இரண்டாம் வகுப்பு. இயந்திரம் மூன்றாம் வகுப்பு என்று காட்டினால், பணம் கட்டுவதற்கு முன்பே உதவிப் பொத்தானை அழுத்துங்கள். கட்டிய பிறகு திரும்ப வாங்குவது பெரும்பாடு.

வெர்சாய் ஊருக்குள்ளேயே ஹட்டோபியா முகாம் உண்டு. காட்டுச் சரிவில் இருப்பதால் சக்கரத்துக்கு அடியில் வைக்கும் சமன்கட்டைகள் கையில் இருக்கட்டும். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். அங்கிருந்து நடக்கும் தொலைவில் போர்ஷ்ஃபோன்டேன் நிலையம். ஆர்இஆர் சி என்ற பாரிஸ் புறநகர் ரயிலில் அடுத்த நிறுத்தமே வெர்சாய் ஷாத்தோ ரிவ் கோஷ். இறங்கி 10 நிமிட நடை.

திங்கட்கிழமை அரண்மனை விடுமுறை. செவ்வாயன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் மூடியிருப்பதால் அந்தக் கூட்டமும் இங்கே திரும்பிவிடும். புதன், வியாழன், வெள்ளிதான் நல்ல நாட்கள். நேரம் குறித்த நுழைவுச்சீட்டை இணையத்தில் எடுங்கள். முடிந்தால் காலை 9 மணிக்கே. அரண்மனைக்கு மட்டுமான சீட்டில், தோட்டத்துக்கு அப்பால் இருக்கும் திரியானோன் சிறு அரண்மனைகள் சேராது, ‘பாஸ்போர்ட்’ என்ற சீட்டில்தான் சேரும். 18 வயதுக்குட்பட்டோருக்கு அரண்மனை இலவசம். வயதைக் காட்ட கடவுச்சீட்டு வேண்டும்.

பையைச் சோதித்துத்தான் விடுவார்கள். வண்டிச் சமையலில் ரொட்டி நறுக்கிய மடக்குக் கத்தி பையிலேயே தங்கிப்போவது வழக்கம். அதை முகாமிலேயே எடுத்து வையுங்கள்.

உள்ளே எல்லோரும் ஒரே திசையில் நகர்வார்கள், திரும்பி வர முடியாது. அதனால் கண்ணாடிக் கூடத்தில் அவசரம் வேண்டாம். 73 மீட்டர் நீளம், 357 கண்ணாடிகள். 1871 ஜனவரி 18 அன்று ஜெர்மானியப் பேரரசு அறிவிக்கப்பட்டதும், 1919 ஜூன் 28 அன்று அதே ஜெர்மனி முதல் உலகப் போர்த் தோல்வியின் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதும் இந்த ஒரே கூடத்தில்தான். ஒப்பந்தத்துக்கு அந்த இடத்தைத் திட்டமிட்டே தேர்ந்தது பிரான்ஸ்.

அரண்மனை முடிய 11, 11.30 ஆகும். தோட்டம் வழியாகப் போனால் திரியானோனுக்கு அரை மணி நேரம். அது திறப்பதே நண்பகல் 12 மணிக்கு என்பதால் கணக்குச் சரியாக இருக்கும். களைப்பில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள், பெரிய இழப்பு. அரசி மரி அந்துவானெத்துக்காக 1783 முதல் கட்டப்பட்ட ஓலைக்கூரைக் கிராமத்தை அமைதியாகச் சுற்றிப் பார்க்க முடிகிற இடம் இது.

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, இசையோடு நீரூற்றுகள் இயங்கும் நாட்களில் தோட்டத்துக்கும் கட்டணம் உண்டு. அன்றும் ஊற்றுகள் குறிப்பிட்ட மணிகளில்தான் பாயும். பதினான்காம் லூயி காலத்திலேயே எல்லாவற்றையும் ஒன்றாகத் திறக்கத் தண்ணீர் போதாமல், அரசர் நெருங்கும்போது விசிலடித்து அடுத்த ஊற்றைத் திறந்தார்கள். நேர அட்டவணையை வாசலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டுச்சோறு கொண்டுபோனால் தோட்டப் புல்வெளியில் விரிக்க அனுமதியில்லை. திரியானோன் பக்கம் அரசி வாயிலுக்கு அருகே உள்ள சேன் அந்துவான் வெளியில் உட்காரலாம். அங்கிருந்து ரயில் நிலையத்துக்குத் திரும்ப முக்கால் மணி நடை ஆகும். குழந்தைகள், முதியவர்கள் இருந்தால் கட்டணச் சிறு ரயிலில் அரண்மனைவரை வந்துவிடுங்கள்.