போனைத் திருப்பினால் ஓடும் தரவு அறுந்துபோகிறதா?

திருவாரூர் பக்கம் சில விவசாயிகளுக்காக ஒரு சின்ன ஆண்ட்ராய்டு செயலி செய்தேன். வாய்க்கால் மதகில் வைத்த சென்சார் அனுப்பும் நீர்மட்டம், வெப்சாக்கெட் (சர்வருடன் திறந்தே இருக்கும் இணைப்பு) வழியாகத் திரையில் ஓடும். குறுவை நடவு நேரம். வரப்பில் நின்ற பெரியவர் ஒருவர், வரைபடம் பெரிதாகத் தெரியட்டும் என்று போனைப் படுக்கவாட்டில் திருப்பினார். அதுவரை வந்த கோடு மறைந்து ‘இணைகிறது…’ என்று வந்தது. “தம்பி, தண்ணிய நிறுத்திட்டாங்களா?” என்றார்.

தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. திரை திரும்பினால் ஆண்ட்ராய்டு அந்த ஆக்டிவிட்டியை, அதாவது திரையை நடத்தும் நிரல்பகுதியை, அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கும். நானோ இணைப்பை, ஒவ்வொரு முறை ஆக்டிவிட்டி உருவாகும்போதும் ஓடும் ஆன்கிரியேட்டில் திறந்திருந்தேன், மூடவும் மறந்திருந்தேன். சர்வர் லாகில் பார்த்தால் ஒரே போனிலிருந்து ஏழு இணைப்பு! பழைய மதகை அடைக்காமல் பக்கத்திலேயே புது மதகு வெட்டிய கதை. பழைய கால்பேக்குகள் (தரவு வந்ததும் அழைக்கப்படும் நிரல்துண்டுகள்) பழைய ஆக்டிவிட்டிகளைப் பிடித்துக்கொண்டிருந்ததால் நினைவகமும் விடுபடவில்லை. என் பார்வையில் மற்ற தவறுகள் எல்லாம் இதிலிருந்து கிளைத்தவைதான். இணைப்பைத் திரையிடம் கொடுக்காதீர்கள். திரைக்கான தரவை வைத்திருக்கும் வியூமாடலிலோ, அதற்குப் பின்னால் தரவைக் கொண்டுவந்து தரும் ரெப்போசிட்டரியிலோ வையுங்கள். திரை திரும்பினாலும் வியூமாடல் அப்படியே இருக்கும்.

அவசரத்துக்குத் திரையைச் செங்குத்தாகப் பூட்டியும் பார்த்தேன். அது ஒப்பேற்றல். டார்க் மோடு மாறினாலும், மொழி மாறினாலும் அதே அழிப்புதான் நடக்கும்.

இன்னொரு தவறு, வந்த அளவுகளை எல்லாம் ஆன்சேவ்இன்ஸ்டன்ஸ்ஸ்டேட்டில் (திரை அழியும்போது சிறு குறிப்புகளைச் சேமிக்கும் இடம்) திணிப்பது. அது செயலிக்கும் ஆண்ட்ராய்டுக்கும் இடையே தரவு கடத்தும் பைண்டர் வழியாகப் போகிறது. அப்படிப் போகும் தரவுக்கு மொத்தமே சுமார் 1 எம்பிதான் இடம்; மிஞ்சினால் செயலி கவிழும். எந்த வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை மட்டும் அதில் வைத்தால் போதும்.

சரி, வியூமாடலில் வைத்தாயிற்று. அப்புறம் போன் சட்டைப்பைக்குள் போனபிறகும் இணைப்பு ஓடி பேட்டரியைத் தின்னும். இதற்கு ஃப்ளோவை (தொடர்ந்து வரும் தரவு ஓட்டம்), கடைசி எண்ணை வைத்திருக்கும் ஸ்டேட்இன்னில் வைல்சப்ஸ்கிரைப்டு 5000 என்று போடுங்கள்; கேட்பவர் யாரும் இல்லாவிட்டால் 5000 மில்லிவிநாடி, அதாவது 5 விநாடி, காத்திருந்து நிறுத்து என்று பொருள். திரை, தான் கண்ணுக்குத் தெரியும்போது மட்டும் கேட்க வைக்கும் ரிபீட்ஆன்லைஃப்சைக்கிள் வழியாகக் கேட்கட்டும். திரை திரும்ப 5 விநாடி தாராளம், அதனால் இணைப்பு அறாது. ஆள் செயலியை விட்டு வெளியே போனால், 5 விநாடி கழித்துத் தானாக நின்றுவிடும். கால்பேக்கை ஃப்ளோவாக மாற்றும் கால்பேக்ஃப்ளோ என்றால், ஓட்டம் நிற்கும்போது ஓடும் அவெய்ட்குளோஸில் வெப்சாக்கெட்டை மூட மறக்காதீர்கள்.

திரும்பி வரும்போது பழைய எண்ணே முதலில் தெரியும். அதை இப்போதைய எண் போலக் காட்டாமல், ஓரத்தில் ‘காலை 9.42 நிலவரம்’ என்று போடுங்கள். கடைமடையில் அந்த எண்ணைப் பார்த்துத்தான் மடை திறக்கிறார்கள்.