ஐடியா நல்லதுதான், வரிசைதான் தப்பு

சென்னையில் புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களின் முதல் மாதம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் போகிறது. பெயர் வைப்பார்கள், லோகோ போடுவார்கள், இன்ஸ்டாகிராமில் பக்கம் திறப்பார்கள், விசிட்டிங் கார்டு அடிக்க ஆண்டர்சன் தெருவுக்குப் போவார்கள். இவ்வளவும் முடிந்த பிறகும், முன்பின் தெரியாத ஒருவர்கூடக் காசு கொடுத்து அந்தப் பொருளை வாங்கியிருக்க மாட்டார். நான் பார்த்தவரை, கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்வதில்தான் பாதிப் பணம் கரைகிறது.

உதாரணத்துக்கு, வீட்டில் இட்லிப்பொடி அரைத்து விற்பதை எடுத்துக்கொள்வோம். தையல், டியூஷன், மொபைல் ஆப் என்று எதுவானாலும் சறுக்கும் இடங்கள் கிட்டத்தட்ட இவைதான்.

தெரிந்தவர்களிடம் கருத்துக் கேட்பதில் ஆரம்பிக்கிறது. அத்தையிடம் ஒரு டப்பா பொடியைக் கொடுத்து "எப்படி இருக்கு?" என்று கேட்டால், "கடையே வெக்கலாம்மா, அவ்வளவு நல்லா இருக்கு" என்றுதான் சொல்வார். வேறு என்ன சொல்ல முடியும்? அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் முதல் வாரம் ஆர்டர் குவியும். அதில் பாதி, லிஃப்டில் தினமும் முகம் பார்க்க வேண்டியிருக்கிறதே என்பதற்காக வந்தது. அதை நம்பிப் பெரிய கிரைண்டர் வாங்கிவிடாதீர்கள். நீங்கள் ஞாபகப்படுத்தாமல் அதே வீட்டிலிருந்து இரண்டாவது ஆர்டர் வருகிறதா என்று பாருங்கள். உண்மையான பதில் அதில் இருக்கிறது. இலவச சாம்பிளுக்கு வரும் பாராட்டைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

அடுத்தது அடக்கவிலை. இங்கேதான் நிறையப் பேர் கவிழ்கிறார்கள், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஒரு கிலோ பொடிக்கு உளுந்து, கடலைப்பருப்பு, மிளகாய், எள், பெருங்காயம் எல்லாம் சேர்த்து 240 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 200 கிராம் பாக்கெட்டுக்கு 48 ரூபாய். எம்.ஆர்.பி. 100 ரூபாய் போட்டால், அடேயப்பா, 52 ரூபாய் லாபம் என்று தோன்றும். மயிலாப்பூரிலோ மாம்பலத்திலோ ஒரு கடையில் வைக்கக் கேட்டால் கடைக்காரர் 25 சதவீதம் கழிவு கேட்பார். கைக்கு வருவது 75. சரி, இன்னும் 27 இருக்கிறதே என்பீர்கள். கவர், ஸ்டிக்கருக்கு 7 ரூபாய். கேஸ், அரவைக்கு 6 ரூபாய். அப்புறம் உங்கள் உழைப்பு. ஐந்து கிலோ, அதாவது 25 பாக்கெட் செய்ய, பருப்பைப் புடைப்பதிலிருந்து வறுத்து, ஆறவைத்து, அரைத்து, எடை போட்டு ஒட்டுவது வரை ஐந்து மணி நேரம் என்று வையுங்கள். மணிக்கு 100 ரூபாய் கூலி போட்டாலும் பாக்கெட்டுக்கு 20 வருகிறது. மொத்தம் 81. பாக்கெட்டுக்கு 6 ரூபாய் நஷ்டம். விற்க விற்க நஷ்டம் கூடும்.

"என் உழைப்புக்கு எதற்குக் கூலி, வீட்டு வேலைதானே" என்று சொல்லாத ஆள் இல்லை. ஆர்டர் பெருகி உதவிக்கு ஒருவரை வைக்கும் நாளில் அந்தக் கூலியைக் கையிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும். வறுக்கும்போது குறையும் எடை, கடையிலிருந்து ரிட்டர்ன் வரும் பாக்கெட், 'வித்ததும் தர்றேன்' என்று நிற்கும் பாக்கி எதையும் மேலே உள்ள கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. விலையை ஏற்றலாம், கடையை விட்டு நேரடியாக விற்கலாம், பாக்கெட் அளவை மாற்றலாம். எதைச் செய்வதானாலும் இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்ட பிறகு செய்யுங்கள்.

கவர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பளபளவென்று கலர் பிரிண்ட் போட்ட பவுச்சுக்கு ஆசைப்படாதவர் இல்லை. அந்த அச்சுக்குப் பொதுவாக ஒவ்வொரு நிறத்துக்கும் அச்சடிக்கும் உருளை (சிலிண்டர்) தனியாகச் செய்ய வேண்டும். அந்தச் செலவு உங்களுடையது, குறைந்தபட்ச ஆர்டரே ஆயிரக்கணக்கில் போகும். மூன்று மாதத்தில் 200 கிராம் போகவில்லை, 100 கிராம்தான் போகிறது என்று தெரியும்போது, மிச்சக் கவரெல்லாம் பரண்மேல் கிடக்கும். பாரிமுனையில் சாதா பவுச் சில்லறையாகவே கிடைக்கிறது. அதில் ஸ்டிக்கர் ஒட்டினால் போதும். ஸ்டிக்கரில் நிகர எடை, சேர்மானங்கள், எல்லா வரிகளும் உட்பட எம்.ஆர்.பி., தயாரித்த தேதி, காலாவதி, முகவரி, புகார் சொல்ல எண், சைவத்துக்கான பச்சைக் குறி, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்கப் பதிவு எண் எல்லாம் இருக்க வேண்டும். வீட்டில் செய்து விற்றாலும் அந்தப் பதிவு கட்டாயம்.

ஜி.எஸ்.டி. விஷயத்தில் சிலர் முதல் நாளே பதிவு எடுத்துவிட்டு, விற்பனையே இல்லாத மாதத்துக்கும் ரிட்டர்ன் தாக்கல் செய்துகொண்டிருப்பார்கள். தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை பொதுவாகத் தேவையில்லை, சேவைக்கு 20 லட்சம். ஆனால் பெங்களூருக்கு ஒரு பார்சல் பொடி விற்றால் அந்த வரம்பு உங்களைக் காப்பாற்றாது. சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு முழுக்க இலவசம். அதற்குக் காசு கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல.

எல்லாருக்கும் விற்கிறேன் என்று கிளம்புவதும் ஒரு தவறு. 1970-இல் அருண் ஐஸ்கிரீம் நிறுவனர் ஆர்.ஜி. சந்திரமோகன் ராயபுரத்தில் 13,000 ரூபாய் முதலோடு, சின்ன இடத்தில் ஐஸ் கேண்டி செய்து தள்ளுவண்டியில் விற்கத் தொடங்கினார். பெரிய ஐஸ்கிரீம் நிறுவனங்கள் நகரத்தில் கொடிகட்டிப் பறந்த காலம். அவர் கல்லூரி கேன்டீன்களைப் பிடித்தார், பிறகு பெரியவர்கள் எட்டிப் பார்க்காத சிறு ஊர்களுக்குப் போனார். அருண் ஐஸ்கிரீம் வளர்ந்தது அப்படித்தான். யாருக்கு விற்கிறோம் என்று கேட்டால் 'எல்லாருக்கும்' என்பவர், வேளச்சேரியில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஐ.டி. பையன்களுக்கு என்று ஒரு மாதம் விற்றுப் பார்க்கலாம்.

ஐடியாவை யாராவது திருடிவிடுவார்களோ என்ற பயம் பெரும்பாலும் வீண். இட்லிப்பொடியை யார் திருடுவது? உண்மையிலேயே புதிய கருவி என்றால் மட்டும், ஊருக்குக் காட்டும் முன் காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

கூட்டாளி விஷயத்தில்தான் எனக்குக் கோபமே வரும். "நாங்க ஸ்கூல் ஃப்ரெண்ட்ஸ், எழுதிக்கணுமா என்ன?" என்பார்கள். எழுதாவிட்டால் 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் உங்களுக்காக எழுதி வைத்திருக்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் லாபமும் நஷ்டமும் சரிபாதி. ஒருவர் நாலு லட்சம் போட்டு மற்றவர் ஐம்பதாயிரம் போட்டிருந்தாலும் அதே கதைதான். ராப்பகலாக வேலை பார்த்தவருக்குத் தனிச் சம்பளம் கேட்கும் உரிமையும் கிடையாது. யார் எவ்வளவு போடுகிறார், யார் என்ன வேலை, ஒருவர் விலகினால் கணக்கு எப்படி, இந்த மூன்றையாவது நட்பு நன்றாக இருக்கும்போதே பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

கடை பிடிப்பதை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளிப்போடுங்கள். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்பது பழகிப்போன விஷயம். 20,000 ரூபாய் வாடகைக்கு இரண்டு லட்சம் முடங்கிவிடும், அது சரக்கு வாங்க வேண்டிய பணம். மானியக் கடன் வேண்டும் என்றால் ஈக்காட்டுத்தாங்கலில் இருக்கும் தமிழக அரசின் தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனத்தில் முதலில் விசாரியுங்கள். ஆனால் மானியம் கிடைக்கிறதே என்பதற்காகத் தொழிலைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

ஓ.எம்.ஆரில் வேலை பார்த்துக்கொண்டே இதைச் செய்கிறவர்கள், நியமனக் கடிதத்தில் வெளி வேலை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை படித்துவிடுங்கள். தடை இருந்தால் முன்அனுமதி கேளுங்கள். ராஜினாமாவை, உங்கள் கூலி உட்பட எல்லாச் செலவும் போக, சில மாதங்கள் தொடர்ந்து காசு மிஞ்சிய பிறகு எழுதிக்கொள்ளலாம்.