செயின் பக்கம் சத்தமா? செட் மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

கடலூர் முதுநகர், தேவனாம்பட்டினம், புதுச்சேரி கடலோரத் தெருக்கள் என்று உப்புக்காற்றிலேயே நிற்கும் பைக்குக்குச் செயின் சத்தம் சீக்கிரமே வந்துவிடும். வந்ததும் பலரும் செயின் ஸ்ப்ராக்கெட் செட்டை (செயினும், அது ஓடும் முன், பின் பல்சக்கரங்களும்) மொத்தமாக மாற்றிவிடுகிறார்கள். கோளாறு பேரிங்கிலோ, பின் ஸ்ப்ராக்கெட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே அதிர்வைத் தாங்கும் கப்ளிங் ரப்பரிலோ இருந்தால் புது செட்டிலும் அதே சத்தம்தான்.

முதலில் சத்தத்தைப் பிரித்தறிய வேண்டும். விடியற்காலையில், மதில் சுவரை ஒட்டிய காலி ரோட்டில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் சுவரில் பட்டுத் திரும்பித் தெளிவாகக் கேட்கும். புதுச்சேரி ஒயிட் டவுன் தெருக்கள் இதற்குத் தோதானவை. 30 கி.மீ. வேகத்தில் கிளட்சைப் பிடித்து ஆக்ஸிலரேட்டரை விடுங்கள். எஞ்சின் அடங்கிய பிறகும் சக்கரம் உருளும் வேகத்துக்கு ஏற்பச் சத்தம் தொடர்ந்தால் அது செயின், வீல், பிரேக் பக்கம். மாறாக, வண்டி நிற்கும்போது நியூட்ரலில் கேட்டு, கிளட்சைப் பிடித்ததும் நின்றால் கியர்பாக்ஸ் அல்லது கிளட்ச் பக்கம். செயினில் கை வைத்துப் பயனில்லை.

அடுத்து டபுள் ஸ்டாண்ட் போட்டு, எஞ்சினை நிறுத்தி, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். எஞ்சினை ஓடவிட்டு கியரில் செயினைத் துடைப்பவர்கள் உண்டு. விரல் போகும் வழி அது. செயினின் கீழ்ப்பகுதியை நடுவில் பிடித்து மேலும் கீழும் ஆட்டி, எவ்வளவு அசைகிறது என்று ஸ்கேலில் அளங்கள். பெரும்பாலான 100, 125 சிசி வண்டிகளுக்கு 20 முதல் 30 மி.மீ.; உங்கள் வண்டிக்கான அளவு ஓனர்ஸ் மேனுவலில் இருக்கும். சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி நாலைந்து இடத்தில் அளந்து, எங்கே மிக டைட்டோ அங்கேதான் அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். லூசான இடத்தில் வைத்து டைட் பண்ணினால் இன்னோர் இடத்தில் செயின் கம்பிபோல இழுத்து நிற்கும். லூஸ் செயின் கவரில் அடித்துச் 'சளக் சளக்' என்று கத்தும். டைட் செயின் அவ்வளவு கத்தாமலே வீல் பேரிங்கையும் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் பேரிங்கையும் தின்றுவிடும். இரண்டில் மோசமானது டைட்தான்.

அட்ஜஸ்ட் செய்ய ஆக்ஸில் நட்டையும், டிரம் பிரேக் வண்டியில் ஸ்லீவ் நட் (ஸ்ப்ராக்கெட் பக்கத்தைப் பிடித்திருக்கும் பெரிய நட்) இருந்தால் அதையும் தளர்த்தி, இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் ஒரே அளவு திருப்புங்கள். ஸ்விங் ஆர்மில் (பின் சக்கரத்தைத் தாங்கும் கவை) உள்ள கோடுகள் இரு பக்கமும் ஒத்திருக்க வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் ஸ்ப்ராக்கெட் பல்லின் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேயும். நட்டை இறுக்கியதும் மறுபடி அளங்கள். இறுக்கும்போது அளவு மாறுவது வழக்கம். பிரேக் பெடலின் ஃப்ரீ ப்ளேயையும் (பிரேக் பிடிக்கும் முன் பெடல் சும்மா இறங்கும் அளவு) பிரேக் லைட்டையும் விட்டுவிடாதீர்கள்.

நம் கரையோரத்தில் அதிகம் வருவது 'கிரீச்' சத்தம்: உப்பும் மணலும் ஏறிச் செயின் கண்ணிகள் இறுகியிருக்கும். மீன் பெட்டி கட்டும் வண்டிகளில் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் நேரே செயினில் சொட்டுவதால் இன்னும் மோசம். சக்கரத்தைச் சுற்றும்போது பின் ஸ்ப்ராக்கெட்டை விட்டு வந்த பிறகும் வளைந்தே நிற்கும் கண்ணிதான் இறுகிய கண்ணி. மண்ணெண்ணெயும் நைலான் பிரஷ்ஷும் போதும். கண்ணிகளில் ரப்பர் வளையம் உள்ள ஓ-ரிங் செயினில் பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் ஆகாது, ரப்பர் போய்விடும். நன்றாகத் துடைத்து உலர்ந்த பிறகு 90 கியர் ஆயிலைக் கீழ்ச் செயினின் உட்பக்கத்தில், ரோலர் மேல் சொட்டுச் சொட்டாக விட்டு ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். கால் மணி நேரம் கழித்து வெளியே வழிவதைத் துடைத்துவிடுங்கள். கிரீஸ் அப்பினால் மணல் ஒட்டும். பழைய எஞ்சின் ஆயிலில் இரும்புத் தூள் கலந்திருக்கும், வேண்டாம். 500 கி.மீ.க்கு ஒருமுறை போடலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்தால் அன்றைக்கே.

இவ்வளவு செய்தும் சத்தம் நிற்காவிட்டால்தான் தேய்மானத்தை அளக்க வேண்டும். 428 என்ற அளவுச் செயினில் பிட்ச், அதாவது கண்ணிகளை இணைக்கும் அடுத்தடுத்த இரு பின்களின் (pin) இடைவெளி, 12.7 மி.மீ. செயினை இழுத்துப் பிடித்து 21 பின்களின் நீளம் அளந்தால் புதியதில் 254 மி.மீ. இருக்கும்; 259-ஐத் தொட்டால் அதன் ஆயுள் முடிந்தது. பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்கோடியில் செயினைப் பின்னால் இழுத்துப் பாருங்கள். பாதிப் பல்லுக்கு மேல் தெரிந்தாலும் அதே கதைதான். மாற்றினால் செயின், முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய பல் புதுச் செயினை வேகமாகத் தேய்க்கும். செயினின் இரு முனைகளை இணைக்கும் கிளிப்பான செயின் லாக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும், அதாவது மேல் செயினில் முன்பக்கம்.

கியர் போடும்போதும் ஆக்ஸிலரேட்டரை விட்டுப் பிடிக்கும்போதும் 'டக்'கென்று கேட்டால் கப்ளிங் ரப்பரைச் சந்தேகியுங்கள். கியரில் வைத்துச் சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஸ்ப்ராக்கெட் அசையாமல் சக்கரம் மட்டும் லேசாக ஆடினால் ரப்பர் தேய்ந்துவிட்டது. பழைய டியூபை வெட்டிச் சொருகுவது ஊர் வைத்தியம். கொஞ்ச நாள் ஓடும், பிறகு நசுங்கிவிடும். புது ரப்பர் விலை செயின் செட்டை ஒப்பிட்டால் சொற்பம்.

வேகம் கூடக் கூட 'உம்ம்' என்று கூடும் இரைச்சல் பேரிங்குடையது. செயின் லாக்கைக் கழற்றிச் செயினை எடுத்துவிட்டுச் சக்கரத்தை மட்டும் சுற்றினால் சந்தேகம் தீரும். டயரை மேலும் கீழும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டும்போது ஆட்டம் இருந்தாலும் கோளாறு பேரிங்கில் அல்லது ஸ்விங் ஆர்ம் புஷ்ஷில்தான். பேரிங் எண் அதன் பக்கவாட்டிலேயே பொறித்திருக்கும். கடலோர வண்டிக்கு எண்ணுக்குப் பின் 2ஆர்எஸ் என்று இருப்பதை, அதாவது இரு பக்கமும் ரப்பர் மூடி உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு பேரிங்குக்கும் நடுவே உள்ள ஸ்பேசர் குழாயைத் திரும்பப் போட மறந்தால், ஆக்ஸிலை இறுக்கியதுமே புதுப் பேரிங் நசுங்கத் தொடங்கிவிடும்.