அலாம் சென்சர் சும்மா கத்துதா, இல்ல கத்தாமலே கிடக்குதா? நம்மட ஆக்கள் செய்யிற பிழைகள்

திருகோணமலையில உப்புவெளி, நிலாவெளி, ஓர்ஸ் ஹில் எண்டு எங்க பாத்தாலும் இப்ப வயரில்லாத அலாம் போட்ட வீடுகள் கூடிட்டு. வீட்டுக்காரர் கனடாவில, திறப்பு பக்கத்து வீட்டு மாமிட்ட, நடுவில ஒரு ஆப். போட்ட புதுசில எல்லாம் நல்லாத்தான் வேலை செய்யும், ஒரு மாரி போய் ஒரு கச்சான் காத்தும் அடிச்சு முடியத்தான் கரைச்சல் தொடங்கும்.

கரைச்சல் தொடங்கினோடன முக்காவாசிப்பேர் செய்யிற முதல் பிழை அந்த சென்சரை பைபாஸ் பண்ணிவிடுறது. ராவில ரெண்டு தரம் கத்திச்செண்டா மூண்டாந்தரம் ஆப்பில போய் அந்த ஜன்னலை மட்டும் ஓஃப் பண்ணிட்டுப் படுத்துருவாங்க, விடிஞ்சா அதை ஆர் ஞாபகம் வச்சிருக்கிற, அது அப்பிடியே மாசக்கணக்கில ஓஃப்ல கிடக்கும், கள்ளனுக்கு அந்த ஒரு ஜன்னல் போதும். சும்மா கத்துற சென்சர் தொல்லைதான், ஆனா அது உசிரோட இருக்கெண்டாவது நமக்குத் தெரியும். செத்துப்போய்ச் சத்தமில்லாமக் கிடக்கிறதுக்குத்தான் பயப்பிடோணும். அதால பைபாஸ் பண்ணினா காலண்டர்லயாவது எழுதி வைங்க.

அடுத்தது எல்லாத்தையும் ஒரே நேரத்தில மாத்திறது. பற்றரியையும் மாத்தி, சென்சரையும் வேற இடத்தில ஒட்டி, ஆப்பிலயும் அழிச்சுத் திரும்பச் சேத்து, கடைசியில சரி வந்தாலும் எதால சரி வந்ததெண்டு தெரியாது, ரெண்டு கிழமையில திரும்ப அதே கதை. ஒரு தரத்தில ஒண்டை மாத்திட்டு ஒரு ராவாவது விட்டுப் பாருங்க. முதல்ல யோசிக்க வேண்டியது இதுதான்: ஒரு சென்சர் மட்டும் கரைச்சலெண்டா பிழை அந்த சென்சர்ல இல்லாட்டி அந்த இடத்தில. எல்லாமே ஒண்டா ஓஃப்லைன் காட்டுதெண்டா ஒவ்வொரு சென்சரா ஏணி வச்சு ஏறித் திரியாதீங்க, நடுப்பெட்டி, அதுதான் ஹப், அதைப் போய்ப் பாருங்க.

பற்றரி விசயத்தில நடக்கிற பிழை கொஞ்சமில்ல. மல்டிமீட்டரை வச்சுப் பாத்து "மூண்டு வோல்ட் இருக்கே, பற்றரி நல்லம்" எண்டுறவங்க கனபேர். லித்தியம் பற்றரி முடியிற வரைக்கும் கிட்டத்தட்ட அதே வோல்ட்டைத்தான் காட்டும், சென்சர் சிக்னல் அனுப்புற அந்த ஒரு நொடியில கரண்ட் இழுக்கேக்குள்ளதான் வோல்ட் விழும், மீட்டர் வச்சுப் பாக்கேக்குள்ள அது தெரியாது. புதுசு ஒண்டைப் போட்டுப் பாக்கிறதுதான் சரியான சோதனை. அதுலயும் சிஆர்123ஏ எண்டுற குட்டி லித்தியம் பற்றரி போடுற சென்சருக்கு ரீசார்ஜ் பண்ணுற பற்றரி போடாதீங்க, பாக்க ஒரே சைஸ்தான், ஆனா சில ரீசார்ஜ் பற்றரி ஃபுல் சார்ஜ்ல 4.2 வோல்ட் வரைக்கும் போகும், 3 வோல்ட்டுக்குச் செஞ்ச போர்ட் அதைத் தாங்கோணும் எண்டில்ல. ரெண்டு பற்றரி போடுற சென்சர்ல பழசொண்டும் புதுசொண்டும் கலந்து போடுறதும் வேண்டாம். புதுசு போட்ட பிறகும் பற்றரி குறைவெண்டு காட்டிச்செண்டா, கழட்டிட்டு ஒரு நிமிசம் சும்மா விட்டு, மூடிக்குக் கீழ இருக்கிற சின்ன பட்டனை நாலஞ்சு தரம் அமத்திட்டுத் திரும்பப் போடுங்க, கனக்க சென்சர் இதோட தெளிஞ்சிரும்.

கடற்கரைப் பக்கம் இருக்கிறவங்க பற்றரியை மட்டும் பாத்தாக் காணாது, அது போய் இருக்கிற தகட்டையும் பாக்கோணும். உப்புக்காத்துக்கு அந்தச் சின்ன ஸ்பிரிங்ல பச்சையாவோ வெள்ளையாவோ மாவு மாதிரி பூத்திருக்கும், புதுப் பற்றரி போட்டாலும் அதுக்கு மேலால கரண்ட் ஒழுங்கா ஏறாது, ஒரு நாள் வேலை செய்யும், ஒரு நாள் செய்யாது. பென்சில் அழிறப்பரால மெதுவாத் தேய்ச்சு, மருந்துக்கடையில விக்கிற சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டைக் காது பட்ஸ்ல தோய்ச்சுத் துடைச்சு, நல்லாக் காய விட்டுப் போடுங்க. தண்ணிச்சீலையால துடைக்கிறதும் பிழை, உப்புக் காத்து உள்ள போகக்கூடாதெண்டு கையில கிடைச்ச சிலிக்கனைப் பூசி அடைக்கிறதும் பிழை. புளிச்ச வினிகர் மணம் வாற சிலிக்கன் இருக்கே, அது காயேக்குள்ள விடுற அமிலமே உள்ளுக்கிருக்கிற செம்பை அரிச்சுரும், உப்பு ஆறுதலாச் செய்யிற வேலையை இது அவசரமாச் செய்யும்.

இனி ஆள் நடமாட்டம் பாக்கிற சென்சர், பிஐஆர் எண்டுறது. அது கமரா இல்ல, சூட்டு வித்தியாசத்தைத்தான் பாக்குது: பின்னால இருக்கிற சுவரை விட சூடான ஒண்டு குறுக்கால போனா பிடிக்கும். இஞ்சதான் நம்மட ஊருக்கே உரிய சிக்கல். கச்சான் அடிக்கிற மாசத்தில, பூட்டிக் கிடக்கிற வீட்டுக்குள்ள மத்தியானம் சுவரே மனுசன்ட உடம்புச் சூட்டுக்குக் கிட்ட வந்துரும், அந்த நேரம் ஆள் போனாலும் சில சென்சருக்கு வித்தியாசம் பெருசாத் தெரியாது. ஆனா நாம மாரியில, பின்னேரக் குளிருக்குள்ள நடந்து பாத்திட்டு எல்லாம் ஓகே எண்டுட்டுப் போறம். மே, ஜூன் மாசத்து மத்தியானம் ரெண்டு மணிக்கு ஒரு தரம் நடந்து பாருங்க, அப்பதான் உண்மை தெரியும். சென்சரை வாசலுக்கு நேர நேர பாக்க வைக்கிறதும் பிழை, அதை நோக்கி வாறவனை விடக் குறுக்கால போறவனைத்தான் அது நல்லாப் பிடிக்கும், அதால மூலையில, ஏழடி எட்டடி உயரத்தில வையுங்க. ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளால வைச்சு வெளி முத்தத்தைப் பாக்க நினைக்கிறதும் வீண், அந்தச் சூட்டுக்கதிர் கண்ணாடிக்குள்ளால வராது.

நடந்து பாக்கிறதிலயும் ஒரு விசயம் இருக்கு. பற்றரி மிச்சம் பிடிக்க, கனக்க பிஐஆர் ஒருக்கா ஆளைக் கண்டிட்டா ரெண்டு மூண்டு நிமிசம் தூங்கிரும். நாம அதுக்கு முன்னால கையை ஆட்டி ஆட்டி நிக்கிறம், அது ஒண்டும் சொல்லுதில்ல, உடன பழுதெண்டு முடிவு பண்ணிக் கடையில கொண்டுபோய்க் குடுக்கிறம். அறையை விட்டு வெளிய வந்து ஒரு அஞ்சு நிமிசம் நிண்டுட்டுப் போங்க, இல்லாட்டி டெஸ்ட் மோட்ல போட்டிட்டுப் பாருங்க.

சும்மா கத்துறதுக்குப் பேய் காரணமில்ல, பல்லி. லென்சுக்கு மேல ஒரு பல்லி நடந்தா அது சென்சருக்குப் பெரிய ஆள் நடந்த மாதிரித்தான். உள்ளுக்க எறும்பு போறது, வெயில் நேர படுறது, ஜன்னலைத் திறந்து விட்டுட்டுப் போக கேர்ட்டின் ஆடுறது, இதெல்லாமும்தான். பூனைக்குக் கத்தாதெண்டு சென்சர் வந்த பெட்டியில போட்டிருக்கெண்டு நம்புறாங்க, அது பூனை நிலத்தில நடக்கும் வரைக்கும் சரி, அலுமாரிக்கு மேல ஏறி சென்சருக்குப் பக்கத்தில நிண்டா கணக்கு மாறிரும். வெளி விறாந்தையில உள்ளுக்குப் போடுற சென்சரைப் போடவே போடாதீங்க, கோட்டைப் பக்கத்தாலயும் டவுணுக்குள்ளயும் திரியிற மான் வளவுக்குள்ள வந்து எட்டிப் பாத்தாலே சைரன் அடிக்கும், மானுக்கு ஆப்பில பெயர் குடுக்கவும் ஏலாது.

கதவு ஜன்னல் சென்சர் இதை விட லேசு. ஒரு பக்கம் காந்தம், மறுபக்கம் சின்ன சுவிட்ச், கிட்டத்தட்ட ஒண்டு ஒண்டரை சென்ரிமீற்றருக்குள்ள ரெண்டும் நிக்கோணும், சிலதில பக்கத்தில ஒரு கோடு போட்டிருக்கும், அந்தக் கோட்டுக்கு நேர காந்தம் வரோணும். மாரிக்குப் பலகைக் கதவு ஊதி இடைவெளி மாறிரும், இரும்புக் கிரில்லில ஒட்டினா இரும்பு காந்தத்தின்ட பலத்தை இழுத்துரும், இரும்புக்கும் காந்தத்துக்கும் நடுவில பிளாஸ்ரிக் துண்டொண்டு வையுங்க. டபுள் டேப்பை நம்பாதீங்க, சுண்ணாம்புச் சுவர்ல அது சுவரையும் உரிச்சுக்கொண்டு விழும், ஸ்குறூ போடுங்க.

சிக்னலுக்கு வருவம். கனடாவில இருந்து கேப்பாங்க, "மாமி, கதவைத் திறந்தா சென்சர்ல சிவப்பு லைற் மின்னுதா?" மாமி சொல்லுவா, "மின்னுது தம்பி, நல்லா மின்னுது." அத்தோட அவர் நிம்மதியாப் படுத்துருவார். அந்த லைற் சொல்லுறது சென்சர் பாத்திட்டுது எண்டு மட்டும்தான், அனுப்பினது நடுப்பெட்டிக்குப் போய்ச் சேந்துதா எண்டு அதுக்குத் தெரியாது. பெட்டியில பீப் கேட்டுதா, ஆப்பில கதவு திறந்ததெண்டு வந்துதா, அதைக் கேளுங்க. மலிவான 433 மெகாஹேர்ட்ஸ் சென்சர்கள்ல கனக்க ஒருபக்கமாத்தான் கதைக்கும், செத்துப்போனாலும் பெட்டிக்குத் தெரியாது, ஆப்பில எல்லாம் பச்சையாவே இருக்கும். இப்படியான செட் வச்சிருக்கிறவங்க மாசத்துக்கு ஒருக்கா ஒவ்வொரு கதவாத் திறந்து பாக்கத்தான் வேணும், வேற வழியில்ல.

பெட்டியை இரும்பு அலுமாரிக்குள்ள ஒளிச்சு வைக்கிறது, ஃபிரிஜ்ஜுக்கு மேல வைக்கிறது, ரவுட்டரோட ஒட்டி வைக்கிறது, மூண்டுமே பிழை. பெட்டியை ஒரு மீற்றர் தள்ளி வைச்சதிலயே மேல்மாடி சென்சர் ஒழுங்கா வந்த வீடுகள் இருக்கு. வைஃபை சென்சர் எண்டா கனக்க 2.4 கிகாஹேர்ட்ஸ்லதான் வேலை செய்யும், புது ரவுட்டர் மாத்தினாலோ பாஸ்வேர்ட் மாத்தினாலோ சென்சருக்கும் ஒவ்வொண்டாச் சொல்லிக் குடுக்கோணும்.

கடைசியா கரண்ட். கரண்ட் போனாலும் பெட்டி தன்ர பற்றரியில ஓடும், ஆனா ரவுட்டர் நிண்டுரும், பிறகு சைரன் அடிச்சாலும் கனடாவில போன் சத்தம் போடாது. ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வாங்குங்க, இல்லாட்டி சிம் போடுற பெட்டியா எடுத்து, அந்த சிம்முக்கு ரீலோட் பண்ண மறக்காதீங்க. பக்கத்து வீட்டு மாமிட்ட 119ஐயும் எழுதிக் குடுங்க, பொலிசுக்கு அவதான் முதல்ல எடுக்கப் போறா. ஐப்பசி மின்னலுக்குப் பயந்து மெயின் சுவிட்சை விழுத்திட்டு ஊருக்குப் போறவங்களும் இருக்கிறாங்க, அப்பிடிப் போனா அந்தப் பற்றரி முடியிற வரைக்கும்தான் உங்கட அலாம். மெயினை விட்டுட்டு டீவி, ஃபிரிஜ் பிளக்கை மட்டும் கழட்டுங்க, பெட்டிக்கும் ரவுட்டருக்கும், திடீரெண்டு ஏறுற வோல்ட்டைத் தடுக்கிற சேர்ஜ் புரொடெக்டர் ஒண்டு போட்டு விடுங்க.