இடுப்புத் தளப் பிசியோதெரபிக்குக் கைக்காசு போடும் முன்: சேலத்துக்காரர்களுக்கு ஒரு செய்முறை

இருமினால், தும்மினால், தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் சிறுநீர் கசிகிறது. பிரசவத்துக்குப் பிறகு அடியில் ஏதோ இறங்கி நிற்கிற மாதிரி இருக்கிறது. கணவரோடு சேரும்போது வலிக்கிறது. புரோஸ்டேட் அறுவை முடிந்து வந்த அப்பாவுக்கு வேட்டி நனைந்துவிடுகிறது. இவற்றில் ஏதோ ஒன்றுக்காக மருத்துவர் "பெல்விக் ஃப்ளோர் பிசியோ பாருங்க" என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார், செலவை நினைத்தால் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்றால், மேலே படியுங்கள்.

இடுப்புத் தளம் (பெல்விக் ஃப்ளோர்) என்பது இடுப்பெலும்புக்குள் முன்னிருந்து பின்னாக, தூளி கட்டியது போல விரிந்திருக்கும் தசைகள். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவது அதுதான். ஆணுக்கும் உண்டு. மற்ற தசைகளைப் போலவே இதுவும் தளரும், இறுகும், பயிற்சியால் சீராகும்.

முதல் படி: யார் காசு என்று பாருங்கள்

மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்தால்தான் பேசும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் பட்டியலிட்ட சிகிச்சைகளுக்கானது. வெளிநோயாளியாக வாரம் ஒருமுறை போய்வரும் பிசியோவை நம் பையிலிருந்துதான் கட்ட வேண்டியிருக்கும். ஆனாலும் சில கதவுகளைத் தட்டிப் பாருங்கள்.

மில்லிலோ கம்பெனியிலோ வேலை பார்த்து சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், அதில் வெளிநோயாளி சிகிச்சையும் குடும்பத்தாருக்கான சிகிச்சையும் உண்டு. இரும்பாலை, ரயில்வே குடும்பங்கள் தங்கள் மருத்துவப் பிரிவில் முதலில் கேளுங்கள். மற்றவர்களுக்கு மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மகப்பேறு ஓபியில் காட்டிவிட்டு, பிசியோதெரபி பிரிவில் இடுப்புத் தளப் பயிற்சி தருகிறார்களா, பெண் பிசியோ எந்த நாளில் இருக்கிறார் என்று கேளுங்கள். கூட்டம் இருக்கும், அரை நாள் போகும். ஆனால் அந்த அரை நாளுக்குப் பில் வராது. பிசியோதெரபி கல்லூரிகளின் ஓபியிலும் கட்டணம் குறைவாக இருப்பதுதான் வழக்கம்.

தனியார் பாலிசி உள்ளவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அறுவை முடிந்து டிஸ்சார்ஜ் ஆனபின் குறிப்பிட்ட நாட்கள் வரை, பல பாலிசிகளில் 60 நாள், அதே நோய்க்கான தொடர் செலவைக் கேட்டு வாங்கலாம். அறுவை செய்த மருத்துவர் பிசியோவை எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அப்பாவுக்குப் புரோஸ்டேட் அறுவை என்றால் இந்த நாட்களை வீணாக்காதீர்கள்.

இரண்டாவது: மருத்துவரைத் தாண்டிப் போகாதீர்கள்

சிறுநீர்த் தொற்று இருந்தாலும் அவசரமும் கசிவும் வரும். அதற்குப் பிசியோ மருந்தில்லை. ஒரு சிறுநீர்ப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும். சிறுநீரில் ரத்தம், திடீரென்று சிறுநீர் போகவே முடியாமல் அடைத்துக்கொள்வது, தொடையிடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது ஆகியவை இருந்தால் பிசியோவை மறந்துவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

மூன்றாவது: போனிலேயே வடிகட்டுங்கள்

ஐந்து ரோடு, ஃபேர்லாண்ட்ஸ், அழகாபுரம் பக்கம் நடந்தால் பிசியோதெரபி பலகைகளுக்குக் குறைவில்லை. ஆனால் முழங்கால் வலி, கழுத்து வலி, பக்கவாதம் பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் இந்த வேலை தெரியும் என்று சொல்ல முடியாது. பி.பி.டி. அடிப்படைப் படிப்பு, எம்.பி.டி. மேற்படிப்பு. எம்.பி.டி.யில் மகளிர் நலப் பிரிவு படித்தவராகவோ, இடுப்புத் தளத்துக்கென்று தனிப் பயிற்சி எடுத்தவராகவோ இருந்தால் நல்லது. நேரில் போய் நின்றுவிட்டால் திரும்பி வரக் கூச்சமாக இருக்கும், அதனால் போனிலேயே கேட்டுவிடுங்கள்:

"பெல்விக் ஃப்ளோருக்குத் தனியாப் பயிற்சி எடுத்திருக்கீங்களா?"
"முதல் நாள் எவ்வளவு நேரம் பார்ப்பீங்க? பார்க்கிறது நீங்களா, உங்க அசிஸ்டென்ட்டா?"
"தனி ரூமுங்களா, இல்ல திரை மட்டுமா?"
"முதல் நாளுக்கு எவ்வளவுங்க, அப்புறம் ஒரு சிட்டிங்குக்கு எவ்வளவு? பில் தருவீங்களா?"

முதல் நாளைக்கு முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் ஒதுக்குபவர் என்றால் நம்பிப் போகலாம். "வாங்க, பார்த்துக்கலாம்" என்று மட்டும் பதில் வந்தால் அடுத்த எண்ணைப் போடுங்கள். பீஸ் கேட்பதில் வெட்கம் வேண்டாம். பட்டுப்புடவைக்கே நான்கு கடை ஏறி இறங்குகிற ஊர் இது.

நான்காவது: முதல் நாளுக்குத் தயாராகுங்கள்

காசு எதற்குக் கொடுக்கிறோம் என்பது இந்த நாளில்தான் இருக்கிறது. போவதற்கு முன் மூன்று நாள் ஒரு தாளில் குறித்து வையுங்கள்: எத்தனை மணிக்கு என்ன குடித்தீர்கள், எத்தனை மணிக்குச் சிறுநீர் போனீர்கள், எப்போது கசிந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள். இதைக் கேட்டு வாங்கவே சிலருக்கு ஒரு சிட்டிங் போய்விடும். வீட்டிலேயே எழுதிக்கொண்டு போனால் அந்தக் காசு மிச்சம்.

அங்கே முதலில் பேச்சு. பிறகு மூச்சு, வயிறு, முதுகு, இடுப்பு. தசையின் பலத்தைச் சரியாக அறிய, கையுறை போட்ட விரலால் உள்ளே சோதிப்பது வழக்கம். அதற்கு முன் விளக்கிச் சொல்லி உங்கள் சம்மதத்தைக் கேட்க வேண்டும். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, பாதியில் நிறுத்தச் சொல்லவும் உண்டு. துணைக்கு அம்மாவோ அக்காவோ உள்ளே இருக்கலாம். கல்யாணமாகாதவர்கள், தையல் ஆறாதவர்கள், மாதவிலக்கில் இருப்பவர்கள் வெளியிலிருந்தே பார்க்கச் சொல்லலாம். சொன்ன பிறகும் வற்புறுத்துகிற இடத்தில் இருக்க வேண்டாம்.

பலத்தை 0 முதல் 5 வரை ஆக்ஸ்ஃபோர்டு அளவில் குறிப்பார்கள். "என் மார்க் எத்தனை?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தசை தளர்ந்திருக்கிறதா, இறுகியிருக்கிறதா என்பதையும் கேளுங்கள். தளர்ந்திருந்தால் சுருக்கும் பயிற்சி வேண்டும். இறுகியிருந்தால் முதலில் தளர்த்தக் கற்க வேண்டும். இறுகிய தசையோடு யூடியூபைப் பார்த்துச் சுருக்கிக்கொண்டே இருந்தால் வலி கூடும். பலர் உள்ளே இழுப்பதாக நினைத்துக்கொண்டு கீழே முக்குகிறார்கள், அதுவும் நாமாகக் கண்டுபிடிக்க முடியாத விஷயம். இவ்வளவையும் ஒருவர் கை வைத்துப் பார்த்துச் சொல்கிறாரே, அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

ஐந்தாவது: பேக்கேஜுக்குத் தலையாட்டும் முன் கணக்குப் போடுங்கள்

"பத்து சிட்டிங் பேக்கேஜ், முன்பணம் கட்டினா குறைச்சுக்கலாம்" என்பார்கள். முதுகுவலிக்கு அது சரியாக இருக்கலாம். இங்கே தசை பலப்பட வேண்டும், அதற்குக் குறைந்தது மூன்று மாதம் பயிற்சி வேண்டும் என்பதுதான் மருத்துவ வழிகாட்டுதல். ஒரு கணக்குக்காக முதல் நாள் 1,000 ரூபாய், பிறகு சிட்டிங்குக்கு 600 என்று வைத்துக்கொள்வோம். முதல் நாளுக்குப் பிறகு ஒரு வாரம் கழித்து ஒருமுறை, இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை, மாதத்துக்கு ஒன்றாக இரண்டு முறை. மொத்தம் 4,000, மூன்று மாதத்துக்கும் சற்று மேலேயே வருகிறது. அதே பணத்தைப் பத்து நாள் தொடர் சிட்டிங்குக்குக் கொடுத்தால் இரண்டாவது மாதம் நீங்கள் செய்வது சரியா என்று பார்க்க ஆள் இருக்காது.

மிஷின் வைப்பதைப் பற்றியும் கேளுங்கள். கரண்ட் தூண்டல் எல்லாருக்கும் தேவையில்லை. தசையைச் சுருக்கவே முடியாதவர்களுக்கு ஆரம்பத்தில் உதவும். தானாகச் சுருக்க முடிகிறவருக்கு ஒவ்வொரு சிட்டிங்கிலும் அதை வைத்தால், காரணத்தைக் கேளுங்கள். வலியும் இறுக்கமும் உள்ளவர்களுக்குக் கையால் செய்யும் சிகிச்சை அடிக்கடி வேண்டியிருக்கும், அவர்களுக்கு மேலே போட்ட கணக்கு பொருந்தாது.

நாகலூர் மாதிரி மலைக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள் ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, திரும்ப ஏற வேண்டும். பிரசவத் தையலோடு அது சின்ன விஷயமில்லை. முதல் இரண்டு முறை நேரில் வந்துவிட்டு, நடுவில் வீடியோ காலில் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். பஸ் செலவும் போன நாள் கூலியும் பீஸோடு சேர்ந்ததுதான்.

ஆறாவது: வீட்டில்

பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி சொல்வது: ஒரு தடவைக்குக் குறைந்தது 8 முறை சுருக்கி விட வேண்டும், நாளுக்கு மூன்று தடவை. உங்களுக்கான எண்ணிக்கையை உங்கள் பிசியோ சொல்வார். மூச்சைப் பிடிக்காதீர்கள், புட்டத்தை இறுக்காதீர்கள். தும்மல் வரும் என்று தெரிந்ததும், குடத்தைத் தூக்கும் முன்னும் ஒருமுறை சுருக்குங்கள். சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகுவது வேண்டாம். மலச்சிக்கல் இருந்தால் முக்கி முக்கியே பயிற்சியெல்லாம் வீணாகும். கசிவுக்குப் பயந்து தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் அடர்ந்து அவசரம் கூடும், அதுவும் சேலத்து வெயிலில். காபியைக் குறைத்தால் சிலருக்கு அவசரம் குறையும். காபி விளையும் ஏற்காட்டுப் பக்கம் இதைச் சொன்னால் யார் கேட்பார்கள், மாலைக்குப் பிறகாவது நிறுத்திப் பாருங்கள்.

ஏழாவது: ரசீது

ஒவ்வொரு முறையும் பெயர், தேதி, என்ன சிகிச்சை, பிசியோவின் படிப்பு இவை உள்ள பில்லை வாங்கி, மருத்துவர் சீட்டோடு ஒரே கவரில் வையுங்கள். மருத்துவ சேவைக்கு ஜிஎஸ்டி கிடையாது, பில்லில் போட்டிருந்தால் கேளுங்கள். 60 வயதைத் தாண்டிய பெற்றோருக்குக் காப்பீடு இல்லை, நீங்கள் பழைய வரி முறையில் இருக்கிறீர்கள் என்றால், அவர்களுக்கான மருத்துவச் செலவில் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை வருமானத்தில் கழிக்கலாம். ரொக்கமாகக் கொடுத்தது அதில் சேராது. ஜிபே செய்யுங்கள்.

மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் மார்க் ஏறவில்லை, மாற்றும் துணியோ பேடோ குறையவில்லை என்றால், இன்னொரு பேக்கேஜ் கட்டாமல் எழுதி அனுப்பிய மருத்துவரிடமே திரும்பிப் போங்கள். கர்ப்பப்பை இறக்கம் அதிகமாக இருந்தால் உள்ளே வைக்கும் வளையமோ அறுவையோ பேச வேண்டி வரும். அறுவை என்றால் அது படுக்கும் சிகிச்சை, அப்போது காப்பீட்டு அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.