சட்டம் போட்டுச் செடி எண்ணப் போகிறீர்களா?

போன மாதம் ஒரு தரிசில் இரண்டு மாணவர்கள் ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைத் தரையில் போட்டுப் போட்டு, அதற்குள் இருக்கும் கோரையை எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒரு காலத்தில் நான் செய்த கூத்து அப்படியே கண்முன் நடந்தது. எண்ணியதை எழுத மறப்பது மாதிரியான தவறுகளைச் சொல்லப்போவதில்லை. அவை இரண்டாம் நாளே சரியாகிவிடும்.

பெரிய சட்டம், அதுவும் தள்ளித் தள்ளி

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். அன்று கோரை கூட்டமாக இருக்கிறதா, சிதறி இருக்கிறதா என்று பார்க்க, ஒரு மீட்டர் சட்டத்தை அங்கொன்றும் இங்கொன்றுமாக 40 இடங்களில் வைத்தேன். எண்ணிக்கைகளின் விலக்க வர்க்கச் சராசரியை (சட்டத்துக்குச் சட்டம் எண்ணிக்கை எவ்வளவு மாறுகிறது என்ற அளவை) கூட்டுச் சராசரியால் வகுத்தால் 1-ஐ ஒட்டி வந்தது. 1 என்றால் செடிகள் ஒழுங்கில்லாமல் சிதறிக்கிடக்கின்றன, அதைத் தாண்டினால் கூட்டமாக இருக்கின்றன என்று பொருள். 'சிதறல்' என்று எழுதிக் கொடுத்தும்விட்டேன். கோரையோ மண்ணுக்கடியில் கிழங்குவிட்டுப் படர்ந்து, முழ அகலத் திட்டுகளாக நின்றது. கண்ணுக்கே தெரிந்தது, கணக்குக்குத் தெரியவில்லை! சட்டம் எங்கே விழுந்தாலும் இரண்டு திட்டும் நடுவிலுள்ள வெற்றிடமும் அதற்குள் அடங்கிவிட்டன. பிறகு எண்ணிக்கை எப்படி மாறும்?

இதற்கு வழியைத் தாவரச் சூழலியலாளர் கிரெய்க்-ஸ்மித் 1952-லேயே சொல்லிவிட்டார்: சிறிய சட்டங்களை இடைவெளி விடாமல் ஒட்டி வையுங்கள். 10 செ.மீ. சட்டம் 128 என்றால் 12.8 மீட்டர் நீளம். அப்புறம் பக்கத்துச் சட்டங்களை இரண்டிரண்டாக, நான்கு நான்காக, எட்டெட்டாகச் சேர்த்துக் கணக்கிடுங்கள். எந்த அளவில் வேறுபாடு உச்சத்துக்குப் போகிறதோ, ஏறக்குறைய அதுதான் திட்டின் அளவு. 40 செ.மீ.க்கு அடுத்து 80 செ.மீ. என்று தாவுவதால் 60 செ.மீ. திட்டு இருந்தால் சரியாகப் பிடிபடாது; அந்தக் குறை உண்டு.

தள்ளித் தள்ளி வைத்த சட்டங்களை வீட்டில் உட்கார்ந்து இப்படிச் சேர்க்க முடியாது. மறுபடி களத்துக்குத்தான் போக வேண்டும். நான் போனபோது ஆடுகள் மேய்ந்து முடித்திருந்தன. ஒரு பருவம் போச்சு.

எது ஒரு செடி?

கோரை மேலே பத்துத் தண்டாகத் தெரியும், அடியில் ஒரே செடியாக இருக்கும். அதனால் தண்டுகளை எண்ணுகிறோம் என்று முதலிலேயே முடிவுசெய்து எழுதிவையுங்கள். அருகம்புல்லில் அதுவும் நடக்காது. சட்டத்துக்குள் இருக்கிறதா, இல்லையா என்று மட்டும் குறியுங்கள்.

விளிம்பு

செடி சட்டத்தின் இடப்பக்கத்தையோ கீழ்ப்பக்கத்தையோ தொட்டால் சேருங்கள், மற்ற இரண்டில் விடுங்கள். சட்டம் சிறிதாகச் சிறிதாக விளிம்புச் செடிகள்தான் அதிகம்.

சட்டத்தை வீசுவது

வீசாதீர்கள்.

கால்

சட்டங்களை வரிசையாக வைக்க விரித்த அளவுநாடாவின் ஒரே பக்கமாக நடங்கள். அந்த மாணவர்களில் ஒருவர், அடுத்து எண்ணவேண்டிய கோரையின் மேலேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்.