யார்க் நகரில் பழைய வீடு வாங்குவது எப்படி? முதல்முறை வாங்குபவர்களுக்கு

இங்கிலாந்தின் யார்க்கில் வீடு பார்க்கக் கிளம்பினால் முதலில் குழப்புவது தெருப் பெயர்கள்தான். இங்கே 'கேட்' என்றால் தெரு. வைக்கிங்குகள் விட்டுப்போன சொல். கோட்டை வாசலுக்குப் பெயர் 'பார்'. மிக்கில்கேட் பார் என்றதும் பீர் கிடைக்கும் இடம் என்று நினைத்தவன் நான். ரோமானியர் கி.பி. 71-இல் கோட்டை கட்டிய ஊர் இது. நான் முதல் வீட்டைக் கோட்டை விட்டேன், இரண்டாவதைத்தான் வாங்கினேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

படி 1: வீட்டுக்கு முன் வரிக் கணக்கு

நம்மவர்கள் பலர் சறுக்குவது இங்கேதான். 'முதல்முறை வாங்குபவர்' என்றால் இங்கிலாந்தில் முதல்முறை என்று பொருள் இல்லை. உலகத்தில் எங்குமே சொந்த வீடு இருந்திருக்கக் கூடாது. மதுரையில் ஒரு ஃபிளாட், யாழ்ப்பாணத்தில் அப்பா வழியில் வந்த வீட்டில் ஒரு பங்கு என்று இருந்தாலும் முதல்முறை வாங்குபவருக்கான வரிச் சலுகை போய்விடும்.

320,000 பவுண்டு வீட்டுக்கு 2025 ஏப்ரல் முதல் உள்ள விகிதப்படி பாருங்கள். முதல்முறை வாங்குபவருக்கு ஸ்டாம்ப் டூட்டி 1,000 பவுண்டு. முன்பு வீடு இருந்து விற்றுவிட்டவருக்கு 6,000. ஊரில் 40,000 பவுண்டோ அதற்கு மேலோ மதிப்புள்ள வீடு இப்போதும் உங்கள் பேரில் இருந்தால், முழு விலைக்கும் 5% கூடுதல் சேர்ந்து 22,000! ஊர் வீடு மனைவி பேரில்தானே இருக்கிறது என்று தப்பிக்கவும் முடியாது. தம்பதியை ஒன்றாகத்தான் பார்ப்பார்கள். வக்கீலிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

படி 2: வங்கித் தாள்

'இவருக்கு இவ்வளவு வரை கடன் தரலாம்' என்று வங்கி முன்கூட்டியே தரும் தாளுக்கு அக்ரிமென்ட் இன் பிரின்சிபிள் என்று பெயர். அது கையில் இல்லாவிட்டால் ஏஜென்ட் உங்களைப் பெரிதாகக் கண்டுகொள்ள மாட்டார்.

படி 3: ஆறு எந்தப் பக்கம்?

ஊஸ், ஃபாஸ் என்று இரண்டு ஆறுகள் ஊருக்குள்ளேயே கலக்கின்றன. 2000 நவம்பரில் ஊஸ் பொங்கியது. 2015-இல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஃபாஸ் கரையோரத் தெருக்கள் மூழ்கின. அஞ்சல் குறியீட்டைப் போட்டால் வெள்ள அபாயத்தை அரசு இணையதளம் இலவசமாகக் காட்டும். ஆனால் அதைவிட வீடே நிறையச் சொல்லும். வாசல் நிலையின் இரு ஓரத்திலும் மேலிருந்து கீழாக ஒரு பள்ளம் ஓடுகிறதா? வெள்ளத் தடுப்புப் பலகை செருக வைத்தது. பிளக் பாயின்ட்கள் இடுப்பு உயரத்தில் இருக்கின்றனவா? தரைத்தளம் முழுக்க டைல்ஸா? ஏன் என்று கேளுங்கள்.

இப்படிப்பட்ட வீட்டை வாங்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் விலை பேசும் முன்பே இன்சூரன்ஸுக்கு எவ்வளவு கேட்கிறார்கள் என்று பாருங்கள். 2009-க்கு முன் கட்டிய வீடுகளுக்கு, வெள்ள இன்சூரன்ஸைக் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கச் செய்யும் ஃபிளட் ரீ திட்டம் கைகொடுக்கும்.

படி 4: சுவரைத் தொட்டுப் பாருங்கள்

ரயில்வேயிலும் ரவுண்ட்ரீ, டெர்ரி சாக்லேட் ஆலைகளிலும் வேலை பார்த்தவர்கள் குடியிருந்த வரிசை வீடுகள்தான் நம்மைப் போன்றவர்களுக்கு எட்டுபவை. ஹோல்கேட்டிலும் பிஷப்தார்ப் ரோட்டைச் சுற்றியும் நிறைய இருக்கின்றன. பெரும்பாலும் நடுவில் இடைவெளி இல்லாத முழுச் செங்கல் சுவர். சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவர் ஈரத்தை வெளியே விடும். பிற்காலத்தில் யாராவது சிமென்ட் பூசியிருந்தால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

நான் பார்த்த ஒரு வீட்டின் முன்னறையில் ஒரே ஒரு சுவருக்கு மட்டும், அதுவும் முழங்கால் உயரம் வரை, புதுப் பெயின்ட். கை வைத்தால் சில்லென்றிருந்தது. சோபாவைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னேன். பின்னால் கறுப்புப் பூஞ்சை.

வங்கி செய்யும் மதிப்பீடு வங்கிக்காக. உங்களுக்காக, வீட்டின் நிலையைப் பரிசோதிக்க, ஆர்.ஐ.சி.எஸ் என்ற தொழில்முறை அமைப்பைச் சேர்ந்த சர்வேயரை நீங்களே வைக்க வேண்டும். நூறு வருஷ வீட்டுக்கு லெவல் 3 என்ற மிக விரிவான ஆய்வு. இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

படி 5: லிஸ்டட் வீடா?

பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருந்தால், ஜன்னலை மாற்றக்கூட நகராட்சி அனுமதி தேவைப்படலாம். அனுமதியில்லாமல் கட்டடத்தின் தன்மையை மாற்றுவது கிரிமினல் குற்றம். முந்தைய உரிமையாளர் செய்த வேலையைச் சரிசெய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தால், இப்போதைய உரிமையாளரான உங்கள் தலையில்தான் விழும். பிளாஸ்டிக் ஜன்னலைக் கண்டால் அனுமதித் தாளைக் கேளுங்கள்.

படி 6: பேச்சு, கையெழுத்து, சாவி

நம் ஊரில் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தால் பாதி வீடு நம்முடையது என்ற தெம்பு வரும். இங்கே அது கிடையாது. விற்பவர் சம்மதித்த பிறகும், கையெழுத்திட்ட ஒப்பந்தங்கள் கைமாறும் வரை யாருக்கும் கட்டுப்பாடில்லை. என் முதல் வீடு அப்படித்தான் போனது. ஆய்வுக்கும் வக்கீலுக்கும் பணம் கட்டியாகிவிட்டது, ஏழாவது வாரம் வேறொருவர் அதிக விலை சொன்னார், அவ்வளவுதான். இதற்கு கஸம்ப்பிங் என்று ஒரு பெயரே இருக்கிறது. அதனால் விலை படிந்த அன்றே, வீட்டை விளம்பரத்திலிருந்து எடுக்கச் சொல்லி ஏஜென்ட்டுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்.

அடுத்த சில வாரங்கள் வக்கீலுடையவை: நகராட்சிப் பதிவேடுகளில் தேடல், வடிகால், சுற்றுச்சூழல் அறிக்கை. ஃபிளாட் என்றால் பெரும்பாலும் நீண்டகாலக் குத்தகைதான்; அது இன்னும் எத்தனை வருஷம் என்று பாருங்கள். 80-க்குக் கீழே என்றால் யோசியுங்கள். ஒப்பந்தம் கைமாறும்போது பொதுவாக 10% கட்ட வேண்டும். அன்றிலிருந்தே வீட்டு இன்சூரன்ஸ் உங்கள் பொறுப்பு.

சாவி வாங்கும் நாளாக வெள்ளிக்கிழமையை ஒப்புக்கொள்ளாதீர்கள். வங்கிப் பணம் வந்து சேரத் தாமதமானால் திங்கள் வரை சாமான் வண்டியோடு நிற்க வேண்டியதுதான்.